மூன்று ஹாரனும் ஒரு செம்புத் தண்ணீரும்

தம்பி வேலைக்குப் போன கம்பெனி பஸ்ஸுக்குத் தனி ஹாரன் இருந்தது. இரண்டு குட்டை, ஒரு நீளம். இருங்காட்டுக்கோட்டையில் ஷிப்ட் மாறும் நேரத்தில் ஹைவே ஓரம் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். வாடகை அறைகளில் இருக்கிற பையன்கள் தூக்கத்திலேயே தங்கள் பஸ்ஸைப் பிரித்து அறிவார்கள். மற்ற ஹாரனுக்குப் புரண்டு படுப்பார்கள். தங்கள் ஹாரனுக்கு எழுந்து உட்காருவார்கள்.

தம்பி அந்த நீளமான மூன்றாவது சத்தம் முடிவதற்குள் இடது கால் ஷூவைப் போட்டிருப்பான். நான் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஹாரன் தொடங்கியதிலிருந்து அவன் வாசலைத் தாண்டப் பதினெட்டு விநாடி ஆகும். அப்போது அவன் வேலையை விட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. அது அவனுக்குத் தெரியாது.

நான் இருபது வருடம் செய்தித்தாளில் வேலை பார்த்தவள். அதில் பாதி நாள் இந்தத் தொழிற்சாலைப் பகுதியின் செய்திகளை எழுதினேன். என் பத்திரிகையின் இந்தப் பகுதிப் பதிப்பு நின்றுபோன சமயத்தில்தான் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. எனக்குக் குடும்பம் இல்லை. அதனால் பெட்டியை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கு வந்துவிட்டேன். அது ஒரு படுக்கையறை, ஒரு ஹால், ஒரு சமையல் மேடை உள்ள கீழ்த்தள வீடு. கேட்டைத் தாண்டினால் சர்வீஸ் ரோடு. அதைத் தாண்டினால் பெங்களூர் ஹைவே.

காய்ச்சலைப் பற்றிச் சொல்ல வேண்டும். தம்பி ஒரகடத்தில் கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டர். தகட்டை அச்சில் வைத்து, இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். அப்போதுதான் பிரஸ் இறங்கும். மாதம் முழுக்க ஒரு நாளும் லீவு போடாதவருக்கு மட்டும் அட்டெண்டன்ஸ் போனஸ் உண்டு. அந்த மாதம் முடிய நான்கு நாள் இருந்தது. தலைவலியும் காய்ச்சலுமாக மூன்று நாள் மாத்திரை போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போனான். இந்தப் பகுதியில் எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள். நான்காம் நாள் லைனிலேயே வலிப்பு வந்து விழுந்தான். வலிப்பு நிற்க வெகுநேரம் ஆனது. மூளைக் காய்ச்சல் என்றார்கள்.

பிழைத்தான். நடந்தான், பேசினான், சாப்பிட்டான். சென்னையில் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்து, காதுக்கு உள்ளே தள்ளி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்த வெளுத்த இடத்தைக் காட்டினார். புதிதாக நடப்பதை நினைவாக்கிச் சேர்த்துவைக்கும் இடம் அது. அது போய்விட்டது. பழையது இருந்தது. எங்கள் ஊர், கல்யாணம், கம்பெனி, நான் எல்லாம் அவனுக்குத் தெரியும். காய்ச்சலுக்கு ஒரு வருடம் முன்னால் வரை ஓரளவு தெரியும். அதற்கு இந்தப் பக்கம் எதுவும் தங்கவில்லை. நான் சமையல் மேடைக்குப் போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தால், "வா எக்கா, எப்ப வந்த?" என்பான். முகம் மலரும். ஒரே நாளில் பத்துத் தடவை மலரும்.

ஷிப்ட் வாராவாரம் மாறும். காலை ஐந்து பத்துக்கு ஏ ஷிப்ட் பஸ், மதியம் ஒன்று பத்துக்கு பி, இரவு ஒன்பது பத்துக்கு சி. வேலையில் இருந்த காலத்தில் அவன் ஒரு ஹாரனுக்குத்தான் ஓடுவான், மற்ற இரண்டையும் விட்டுவிடுவான். இப்போது இது எந்த வாரம் என்று அவனுக்குத் தெரியாது. அதனால் மூன்று ஹாரனும் அவனுடையதாகிவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வாரம் உண்மையிலேயே பஸ் ஏறிப் போய்விட்டான். டிரைவர் தெரிந்தவர். "இன்னா தல, லீவு முடிஞ்சிச்சா?" என்று கதவைத் திறந்துவிட்டார். கம்பெனியில் கூட்டத்தோடு உள்ளே போய்த் தன் பிரஸ் முன்னால் நின்றிருக்கிறான். அங்கே வேலையில் இருந்தவன் விலகி நிற்க, இவன் தகட்டை வைத்து இரண்டு பட்டனையும் அழுத்தி ஏழெட்டுப் பீஸ் எடுத்துவிட்டானாம். ஒன்றும் தப்பில்லை. சூப்பர்வைசர் வந்து தோளில் கைபோட்டு வெளியே கூட்டிவந்தார். அடுத்த பஸ்ஸில் திருப்பி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தவனிடம் எங்கே போயிருந்தாய் என்று கேட்டேன். "எங்கயும் போகலியே" என்றான். கையில் கிரீஸ் இருந்தது.

அதற்குப் பிறகு அவனை ஏற்றக் கூடாது என்று டிரைவருக்குச் சொல்லிவிட்டார்கள். அவன் ஓடுவதை அது நிறுத்தவில்லை. பஸ் நிற்கும் இடம் ஹைவேக்கு அந்தப் பக்கம். பையன்கள் எல்லோரும் நடுத் தடுப்பைத் தாண்டித்தான் போவார்கள். ஆனால் வண்டி பார்த்துப் போவார்கள். தம்பியும் முன்பு பார்த்துத்தான் போயிருப்பான். இப்போது பஸ்ஸை மட்டும் பார்த்தான். ஒரு நாள் மதியம் அவனுக்கு நான்கடி முன்னால் ஒரு கண்டெய்னர் டிரெய்லர் பிரேக் போட்டு நின்றது. டயர் கருகிய நாற்றம் எங்கள் கேட் வரை வந்தது. டிரைவர் இந்தியில் கத்தினார். தம்பி அவருக்குக் கையசைத்துவிட்டுத் தொடர்ந்து ஓடினான்.

பூட்டிப் பார்த்தோம். பூட்டிய கதவை அவன் தோளால் இடித்தான். பஸ் போய்விடும் என்ற அவசரம். மூன்றாம் நாள் ஜன்னல் கண்ணாடியில் கை கிழிந்து ஏழு தையல். வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"இன்னாம்மா இது, தெனம் கதவ ஒடைக்கிறாரு. எதிர் வூட்டுக் கொயந்த பயந்துக்கினு அயுவுது. நல்ல மன்சன்தான், நான் இல்லன்னு சொல்லல. ரோட்டுல அடிபட்டா என் வூட்டுக்குத்தானே போலீஸ் வரும்?"

"ஒரு மாசம் டைம் குடுங்கம்மா" என்றேன்.

"ஒரு மாசம். அப்பால என்னைக் கேக்காத."

தம்பி மனைவி ஸ்ரீபெரும்புதூரில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் வேலை பார்க்கிறாள். அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அவள் டூட்டிக்குப் போகும்போது நான் அவனைப் பார்த்துக்கொண்டேன். நானோ நாற்பத்தேழு வயதுப் பெண். பிரஸ் ஆபரேட்டரின் தோளைப் பிடித்து நிறுத்த என்னால் ஆகாது. இரண்டு பேருமாகக் காஞ்சிபுரம் பக்கம் ஒரு காப்பகத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். சுத்தமாகத்தான் இருந்தது. சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் சட்டை. ஒருவர் எங்களைப் பார்த்து எழுந்து, வணக்கம் சொல்லி, மறுபடி உட்கார்ந்து, மறுபடி எழுந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: "மைனி, அங்க விட்டா அவியளுக்கு ஒவ்வொரு நிமிசமும் புது இடமா இருக்கும். இங்க எப்படி வந்தேன்னு ஒவ்வொரு நிமிசமும் கேப்பாவ. வீட்டுல இருந்தா வீடுன்னாவது தெரியும்."

அது சரியான கணிப்பு. எனக்கும் அவளுக்கும் முன்னால் இருந்த கேள்வி ஒன்றுதான். அந்த ஹாரனுக்கு அவன் ஓடாமல் இருந்தால் வீட்டில் இருக்கலாம். ஓடினால் காப்பகம், அல்லது ஹைவே.

மாதம் இருமுறை அவனைச் சென்னைக்குக் கூட்டிப் போவேன். நரம்பியல் பிரிவில் உளவியல் சோதனைகள் செய்யும் ஒரு பெண் இருந்தார். முப்பது வயது இருக்கும். ஒரு நாள் தம்பிக்கு ஒரு கண்ணாடி மாட்டினார். அதன் ஓரத்தில் மெல்லிய குழாய். காதில் ஹெட்போன். ஹெட்போனில் ஒரு சத்தம் கேட்கும், சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே குழாயிலிருந்து கண்ணில் புஸ் என்று ஒரு காற்று. கண் சிமிட்டும். இதைத் திரும்பத் திரும்பச் செய்தார். மூன்றாவது முறை போனபோது, காற்று வருவதற்கு முன்பே, சத்தம் கேட்டவுடன் தம்பியின் கண் மூடியதை நானே பார்த்தேன்.

"இந்த மெஷின முன்னாடி பாத்திருக்கீங்களா?" என்று அவர் கேட்டார்.

"இல்லம்மா, இப்பதான் பாக்கேன். புதுசா வாங்கியிருக்கியளா?" என்றான் தம்பி.

"சத்தம் வந்தா ஏன் கண்ண மூடறீங்க?"

"நானா? மூடலியே." உடனே, "ஏசி காத்துல கண்ணு எரியுது" என்றான்.

பிறகு அந்தப் பெண் வேறு விதமாகச் செய்தார். சத்தம் நின்ற பிறகு ஒரு விநாடி சும்மா விட்டு, அதன் பின்னால் காற்று. அப்படிச் செய்தபோது எத்தனை தடவை ஆனாலும் அவன் கண் முன்கூட்டி மூடவில்லை. நான் காரணம் கேட்டேன். இரண்டும் ஒட்டி வந்தால் நினைவு தேவையில்லை, மூளையின் வேறு பகுதி, பின்புறம் கீழே இருப்பது, தானே பழகிக்கொள்ளும் என்றார். நடுவில் இடைவெளி விட்டால், அந்தச் சத்தத்தைப் பிடித்துவைத்துக் காற்றோடு சேர்க்க ஒன்று வேண்டும். அதுதான் இவரிடம் போய்விட்டது.

"அப்ப இவனுக்குப் புதுசா ஒண்ணக் கத்துக்குடுக்க முடியுமா?"

"உடம்பு கத்துக்கும். கத்துக்கிட்டது அவருக்குத் தெரியாது" என்றார்.

இதை நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பழக்கம். அவரிடம் ஹைவேயைப் பற்றியும் ஹாரனைப் பற்றியும் நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. செய்தி சேகரிக்கும்போது தேவையான ஒரு வரி கிடைத்ததும் அடுத்த கேள்வி கேட்காமல் எழுந்துவிடுகிற நிருபர்களை நான் திட்டியிருக்கிறேன்.

முதலில் கடலை மிட்டாய் கொடுத்துப் பார்த்தேன். ஹாரன் அடித்ததும் கையில் வைத்தேன். அதை வாயில் போட்டுக்கொண்டே ஓடினான். நான்கு நாளில் அதை விட்டேன்.

பிறகு தண்ணீர். பிரிட்ஜில் வைத்த தண்ணீரை ஒரு செம்பில் எடுத்து அவன் முகத்தில் அடித்தேன். அடி இல்லை, சூடு இல்லை, காயம் வராது. வெறும் தண்ணீர், அடுத்த நிமிடம் மறந்துவிடுவான். இதை நான் எனக்குள் சொல்லிக்கொண்டது அப்படியே நினைவிருக்கிறது. மறந்துவிடுகிறவனுக்கு அது நடக்காத மாதிரிதான் என்று நினைத்தேன்.

முதல் வாரம் பலன் இல்லை. ஹாரன் கேட்டு, நான் செம்பை எடுத்து, ஹாலுக்கு வருவதற்குள் அவன் ஷூவை மாட்டிவிடுவான். தண்ணீர் விழுந்தால், "எக்கா, என்ன வெளையாட்டு, பஸ் வந்துட்டு!" என்று கத்திவிட்டு ஓடினான். வீட்டுக்காரம்மாவின் மகன் கேட்டில் நின்று இரண்டு முறை பிடித்து நிறுத்தினான். அப்போதுதான் எனக்கு ஆஸ்பத்திரியில் பார்த்த அந்த ஒரு விநாடி நினைவுக்கு வந்தது. என் தண்ணீர் தாமதமாக வருகிறது. அதற்குள் ஹாரன் முடிந்துவிடுகிறது.

ஹாரனை என் போனில் பதிவு செய்தேன். பேட்டிகளைப் பதிவு செய்த அதே போன். தம்பி மனைவி டூட்டிக்குப் போன பிறகு, அவனைக் கட்டிலில் உட்காரவைத்து, வலது பக்கம் செம்போடு உட்கார்ந்தேன். கேட்டையும் கதவையும் பூட்டிக்கொண்டேன். போனை அழுத்தினேன். இரண்டு குட்டை, நீளமான சத்தம் தொடங்கும்போதே தண்ணீர். அவன் மூச்சுத் திணறி, திகைத்து, என்னைப் பார்த்தான். "என்னக்கா? என்ன செஞ்சேன் நான்?" துண்டால் துடைத்தேன். டிவியைப் போட்டேன். ஐந்து நிமிடத்தில், "வா எக்கா, எப்ப வந்த?" என்றான். மறுபடி போன், மறுபடி தண்ணீர்.

"என்ன செஞ்சேன் நான்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டான். ஒவ்வொரு முறையும் அது முதல் முறை. பத்துத் தடவை, சில நாள் இருபது தடவை. எத்தனை என்று குறிப்பேட்டில் கோடு போட்டுவைத்தேன். கோடுகளுக்குப் பக்கத்தில் அவன் கேட்டதை எழுதவில்லை.

கொடியில் ஈரச் சட்டைகள் அதிகமாகத் தொங்கின. தம்பி மனைவி கேட்டாள், "ஒரு நாளைக்கு நாலு சட்டையா மைனி?"

"வேர்க்குதுல்ல, வெயிலு" என்றேன்.

வேறு யாராவது என்னிடம் அந்தப் பதிலைச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அவளுக்குத் தூக்கம் போதவில்லை. நம்பினாள்.

பதினோராம் நாள் மதியம் ஒன்று பத்துக்கு உண்மையான பஸ் ஹாரன் அடித்தது. என் கையில் செம்பு இல்லை. தம்பி எழுந்தான். இரண்டு அடி வைத்தான். நீளமான சத்தம் வந்ததும் நின்றான். கண்ணை இறுக்க மூடி முகத்தை இடது பக்கம் திருப்பினான். தோள் இரண்டும் காது வரை ஏறியது. சத்தம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பஸ் போகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தான்.

"டூட்டிக்குப் போகலியா?" என்றேன்.

"என்னமோ போவப் புடிக்கலக்கா. இன்னைக்கு ஒரு நாள் லீவு போட்டிருதேன்."

எட்டு வருடத்தில் தன் விருப்பத்துக்கு ஒரு நாள் லீவு போடாதவன். காய்ச்சலோடு பிரஸ்ஸில் நின்றவன். அன்று இரவு ஹாரனுக்கும் மறுநாள் காலை ஹாரனுக்கும்கூட லீவு போட்டான். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொன்னான். ஒன்றுக்கு முதுகு வலி. இன்னொன்றுக்கு, "சூப்பர்வைசர் மூஞ்சிய இன்னைக்குப் பாக்க முடியாது, சவம்." அவன் பொய் சொல்லவில்லை. உடம்பு நின்றுவிட்டது, ஏன் நின்றது என்று அவனுக்குத் தெரியாது, கையில் கிடைத்த காரணத்தை எடுத்துக்கொண்டான்.

தம்பி மனைவி இரவு ஹாரனுக்கு அவன் நின்றதைத் தன் கண்ணால் பார்த்தாள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மறுநாள் மாதா கோவிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, "இன்னாம்மா மாயம் பண்ண? பொட்டிப் பாம்பாட்டம் ஒக்காந்துகினு கீறாரு!" என்றார். நான் சிரித்தேன். காப்பகத்துக்குப் போன் செய்து இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

அது ஏப்ரல் கடைசி. நான் தண்ணீர் அடிப்பதை நிறுத்திவிட்டேன். பதிவையும் அழித்துவிட்டேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

மே முதல் வாரத்தில் அவன் செம்பில் தண்ணீர் கொடுத்தால் வாங்கவில்லை. தாகம் இல்லை என்றான். டம்ளரில் கொடுத்தேன். அதற்கும் முகத்தைத் திருப்பினான். நான் பக்கத்தில் உட்கார்ந்தால் மெல்ல நகர்ந்து கட்டிலின் மறுமுனைக்குப் போனான். பிறகு நான் ஹாலுக்குள் வந்தாலே கண்ணை மூடத் தொடங்கினான். "வா எக்கா, எப்ப வந்த?" என்பது மாறவில்லை. குரலில் அதே சந்தோஷம். கண் மட்டும் மூடியிருக்கும்.

"ஏம்ப்பா கண்ண மூடுத?"

"வெளிச்சம் கூசுதுக்கா." இன்னொரு நாள், "தூக்கம் வருது." ஒரு நாள் மட்டும் வெகுநேரம் யோசித்தான். "தெரியலக்கா. ஒன்னப் பாத்தா நெஞ்சு படபடங்குது. நான் ஏதும் தப்புப் பண்ணிட்டேனா? அம்மாட்ட சொல்லிட்டியா?"

அம்மா இறந்து ஆறு வருடம். அது அவனுக்குத் தெரிந்த பழைய காலத்துக்குள் வருகிற சாவுதான். ஆனால் பயத்தில் அவன் அதற்கும் பின்னால் போயிருந்தான்.

பகல் முழுக்க அவன் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தான். குடிக்கவில்லை என்பது அவனுக்கு நினைவில்லை. கேட்டால், "இப்பதான் குடிச்சேன்" என்றான். தம்பி மனைவி டூட்டி முடிந்து வந்து கொடுத்தால் மடமடவென்று இரண்டு செம்பு குடித்தான். மே மூன்றாம் வாரம் சிறுநீரில் ரத்தம் வந்தது, குளிர்க்காய்ச்சல் வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கிளினிக்கில் இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். உடம்பில் தண்ணியே இல்லை, குடிக்க வைக்கவில்லையா என்று நர்ஸ் திட்டினார்.

தம்பி மனைவி கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். "எங்கிட்ட மடமடன்னு குடிக்காவளே" என்றாள், நர்ஸிடம் சொல்வதுபோல. பிறகு என்னைப் பார்த்தாள். தம்பி என் பக்கம் முகத்தைத் திருப்பாமல், கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தான். அவள் அவனைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அவளுக்கு வேலை, சர்க்யூட் பலகையில் தப்பு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது.

"அந்த நாலு சட்டை" என்றாள்.

வராந்தாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். போன், செம்பு, நாட்கள், கோடுகள். ஒன்றையும் விடவில்லை. "என்ன செஞ்சேன் நான்" என்று அவன் கேட்டதையும் சொன்னேன். நான் முடித்ததும் கேட்டாள்:

"ஞாபகம் இருக்காதுன்னுதான செஞ்சிய?"

"ஆமா."

"இருக்கும்னா செஞ்சிருப்பியளா?"

"மாட்டேன்."

அவள் எழுந்து உள்ளே போனாள். சண்டை எதுவும் போடவில்லை. வீட்டுக்கு வந்த அன்று என் துணிகளை மடித்துப் பெட்டியின் மேல் வைத்திருந்தாள். "நீங்க கெட்டது நெனச்சு செய்யல மைனி. ஆனா அவிய ஒங்க கூட இருக்க முடியாதுல்லா" என்றாள்.

குன்றத்தூரில் மலையடிவாரத்தில் ஒரு அறை எடுத்தேன். தம்பி மனைவி கம்பெனியில் கெஞ்சி ஜெனரல் ஷிப்ட் வாங்கினாள். பகலில் வீட்டுக்காரம்மா கீழே வந்து அவனோடு உட்கார்ந்து சீரியல் பார்க்கிறார். அவர் கையால் அவன் தண்ணீர் குடிக்கிறான். ஒவ்வொரு நாளும் அவரைப் புதிதாக விசாரிக்கிறான். "நானா? நான் வூட்டுக்காரிப்பா, வாடகை வாங்க வந்தேன்" என்று அவர் சொல்வாராம். "ஒண்ணாந் தேதி தாரேன்மா" என்று இவன் சொல்வானாம்.

ஜூன் கடைசியில் கம்பெனி பஸ் ஓட்டுகிற காண்டிராக்டர் மாறினார். புது பஸ் வெள்ளை நிறம், ஹாரன் வேறு, சாதாரண ஒற்றைச் சத்தம். நிற்கும் இடமும் ஒரு கிலோமீட்டர் தள்ளி மேம்பாலத்துக்குக் கீழே போய்விட்டது. இரண்டு குட்டை ஒரு நீளம் அதன் பிறகு அந்தத் தெருவில் கேட்கவில்லை. புது ஹாரன் அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒன்றுமே செய்யாமல், பன்னிரண்டு வாரம் மட்டும் கேட்டில் ஒரு ஆளை நிறுத்தியிருந்தால் போதும். இந்தக் கணக்கை நான் அடிக்கடி போட்டுப் பார்க்கிறேன். அந்தப் பன்னிரண்டு வாரத்தில் அவன் ஒரு முறை கேட்டைத் தாண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் போடுகிறேன். இரண்டும் விடை தருவதில்லை.

சென்னையில் அந்த உளவியல் பெண்ணிடம் நானே போய்ச் சொன்னேன். வெகுநேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார்.

"இப்ப என்ன செய்யறது?"

"நீங்க வரணும், தண்ணி விழக்கூடாது. அது திரும்பத் திரும்ப நடக்கணும். வேற வழி இல்ல. சொல்லிப் புரியவைக்க முடியாது, மன்னிப்புக் கேட்டும் பிரயோஜனம் இல்ல. சொன்னது தங்காது."

"எத்தனை தடவை?"

"தெரியாது. பழகறது சீக்கிரம். போறது மெதுவா. முழுசாப் போகும்னும் நான் சொல்ல மாட்டேன்."

செவ்வாய், வெள்ளி, ஞாயிறு குன்றத்தூரிலிருந்து பஸ் ஏறிப் போகிறேன். கைப்பை, தண்ணீர் பாட்டில், குடை எதுவும் கொண்டுபோவதில்லை. போனைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொள்கிறேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஹாலின் இடது ஓரத்தில், அவனுக்குத் தண்ணீர் விழாத பக்கத்தில் போய் நிற்கிறேன். கை இரண்டையும் விரித்து வைத்துக்கொள்கிறேன். அவன் கண் மூடியிருப்பதால் அதைப் பார்க்க முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி மனைவியும் வீட்டில் இருந்தாள். என்னை உட்காரச் சொன்னாள். முதல் மாதங்களில் சொன்னதில்லை. தம்பி கட்டிலில் இருந்தான். கொஞ்சம் சதை போட்டிருக்கிறான். டிவியில் ஒரு காமெடி ஓடிக்கொண்டிருந்தது. நான் உள்ளே வந்ததும் இமை இறங்கியது, தோள் ஏறியது.

"வா எக்கா, எப்ப வந்த? சாப்புட்டியா?"

"இப்பதாம்ப்பா வந்தேன். சாப்புட்டேன்."

"மெட்ராஸ்ல வெயிலு எப்படி? ஒங்க பேப்பர்ல மழை வரும்னு போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

"ஒங்க பேப்பர்ல போட்டா வராதுக்கா" என்று சிரித்தான். பழைய கிண்டல். கண் மூடியபடியே சிரித்தான். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு நிமிடம் ஆயிற்று. திறக்கவில்லை.

"தொண்டை வறளுதுட்டி, தண்ணி கொண்டா" என்றான் மனைவியிடம்.

அவள் டம்ளரில் கொண்டுவந்தாள். என்னைப் பார்த்தாள். கொடுத்துப் பாருங்கள் என்பதுபோல என் பக்கம் நீட்டினாள். நான் டம்ளரை வாங்கவில்லை. ஆனால் அவள் என் பக்கம் நீட்டியபோதே டம்ளரில் அவள் நகம் பட்டு ஒரு சிறு சத்தம் எழுந்தது. அவன் முகம் இடது பக்கம் திரும்பிவிட்டது.

"வேண்டாம்ட்டி. இப்பதான் குடிச்சேன்" என்றான்.

அவள் டம்ளரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்தாள். நான் எழுந்து வெளியே போய், செருப்பைப் போட்டுக்கொண்டு, கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றேன். சர்வீஸ் ரோட்டில் டிரெய்லர்கள் வரிசையாக நின்றிருந்தன. அவற்றின் இன்ஜின்கள் அணைந்திருந்ததால் வீட்டுக்குள் நடப்பது கேட்டது. டிவி, ஸ்டூல் நகரும் சத்தம், பிறகு அவன் ஒரே மூச்சில் தண்ணீரைக் குடித்து முடித்து டம்ளரை வைக்கும் சத்தம்.

"இன்னொண்ணு" என்றான்.